இன்சுலின் பை என்று விற்கிறார்கள், நான் ஃபேக்டருக்கு வாங்கினேன்

சேலத்தில் சர்ஜிக்கல் சாமான் விற்கிற கடை ஒன்றில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த நீலப் பை. பெரிய கம்பெனி எல்லாம் இல்லை, அட்டையில் ‘இன்சுலின் கூலர் பை’ என்று போட்டு இரண்டு ஜெல் பேக்கோடு தருகிறார்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது. எனக்கு ஹீமோஃபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய், அக்கா மகனுக்கும் அதே. இரண்டு பேருக்குமான ஃபேக்டர் எட்டு என்ற உறைய வைக்கும் மருந்தைச் சேலத்தில் வாங்கி ஏற்காட்டுக்குக் கொண்டுவரத்தான் இந்தப் பை. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பை நல்ல பை, கூட வரும் ஜெல் பேக்தான் வில்லன்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். ரத்தம் உறையத் தேவையான எட்டாவது ஃபேக்டர் எங்கள் இருவருக்கும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வெட்டுக்காயத்தைவிட மூட்டுக்குள் கசிவதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. முதலில் முட்டிக்குள் குறுகுறு என்று இருக்கும், கொஞ்சம் சூடாகும், வீக்கமெல்லாம் அப்புறம்தான். அந்தக் குறுகுறுப்பிலேயே ஃபேக்டர் ஏற்றிவிட்டால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். அதை விட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டி பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் போய், கேஷுவாலிட்டியில் இருப்பவருக்கு வியாதியை விளக்கி, ஊசி ஏறுவதற்குள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். என் இடது முட்டி முழுசாக நீளாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் மருந்து என்ற பேச்சே இல்லை, தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரிக்கிற பிளாஸ்மா அல்லது க்ரையோதான், அதற்கும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். மருமகனுக்கு இரண்டு முட்டியும் நன்றாக இருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஃபேக்டரை இலவசமாகக் கொடுத்து, அங்கே நர்ஸே அக்காவுக்கு நரம்பில் ஊசி போடக் கற்றுக்கொடுத்து, வாரம் இரண்டு முறை தடுப்பாகப் போட்டுக்கொள்ளவும் அவசரத்துக்கும் கையில் தந்து அனுப்புகிறார்கள்.

சரி, பைக்கு வருவோம். மருந்துப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று இருக்கும். எல்லாரும் 8-ஐத் தாண்டிவிடுமோ என்றே பயப்படுகிறோம், 2-க்குக் கீழே இறங்குவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உறைந்துபோன ஃபேக்டரைப் போடக் கூடாது, கூட வரும் கரைப்பான் தண்ணீர் உறைந்தால் குப்பியே விரிசல் விடலாம். அதனால் மருந்தை வைப்பதற்கு முன்னால், காலிக் குப்பி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை அதோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கை அட்டையில் படம் போட்டிருக்கிறபடியே இரண்டு பக்கமும் அணைத்து வைத்து ஜிப்பை மூடினேன். ஒரு மணி நேரம் ஆவதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. திறந்து பார்த்தால் ஜெல் பேக்கை ஒட்டிய பக்கத்தில் குப்பிக்குள் மெல்லிசாக ஐஸ் படர்ந்திருக்கிறது. இதைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை இல்லை. ‘24 மணி நேரக் குளிர்ச்சி’ என்பது மட்டும் கொட்டை எழுத்தில்.

கடைக்காரரிடம் கேட்டால் “எல்லாரும் அப்படித்தாங்க வெக்கிறாங்க” என்றார். வழி சொன்னது எங்கள் பக்கம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வரும் நர்ஸ் அக்காதான். “எடுத்த கையோட உள்ளே வெப்பீங்களா? வெளியில வெச்சு வேர்க்க விடுங்க தம்பி, கல்லு மாதிரி இருக்கறது கொஞ்சம் நெகிழணும், அப்புறம் வெய்யுங்க” என்றார். சில தடுப்பூசிகள் உறைந்தால் வீணாகிவிடும் என்பதால் அவர்களுக்கு இது அன்றாட வேலை. அவர் சொன்னபடி செய்து, நடுவில் மடித்த கைத்துண்டு ஒன்றையும் கொடுத்தேன். அதன்பிறகு 4, 5 டிகிரியில் நின்று, சேலம் வெயிலில் ஐந்து மணி நேரம் போலத் தாக்குப்பிடிக்கிறது. 24 மணி நேரமெல்லாம் கதை. ஆனால் எங்களுக்கு அந்த ஐந்து மணி நேரமே தாராளம்.

ஏனென்றால் இந்தப் பைக்கு உண்மையான வேலை மலையடிவாரம் வரைக்கும்தான். சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடும், புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸுக்குள் அதற்கும் மேலே. அடிவாரம் தாண்டி ஏற ஏற ஜன்னல் காற்றே மாறிவிடும், 1500 மீட்டர் உயரத்தில் வீட்டு அலமாரிகூட 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். ஃபேக்டர் பவுடர் பல பிராண்டுகளில் 25 அல்லது 30 டிகிரி வரை சில மாதங்கள் ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கலாம். எத்தனை டிகிரி, எத்தனை மாதம் என்பது பிராண்டுக்கு பிராண்டு மாறும், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். வெளியே எடுத்த தேதியைப் பெட்டி மேலேயே பேனாவால் எழுதுங்கள், பெரும்பாலானவற்றை அப்படி எடுத்தபின் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை ஒயர்மேல் விழுந்து நாள்முழுக்கக் கரண்ட் இல்லாதபோது ஃபிரிட்ஜை நினைத்து அக்கா பதறாமல் இருப்பது இந்தத் தாளைப் படித்ததால்தான், பையால் இல்லை.

பையில் எனக்கு ரொம்பப் பிடித்தது முன்பக்கத்து அறை. பட்டர்ஃபிளை ஊசி, சிரிஞ்ச், ஸ்பிரிட் பஞ்சு, கையில் கட்டும் ரப்பர் பட்டை, பிளாஸ்டர், ஒரு சின்ன நோட்டு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். அக்கா போடும்போது பார்க்க வேண்டும். இரண்டு குப்பியையும் உள்ளங்கையில் பொத்திச் சூடு காட்டி, தண்ணீரைப் பவுடருக்குள் இறக்கி, மேசைமேல் குப்பியை மெதுவாகச் சுழற்றுவாள். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். ஊசி ஏறியதும் மெல்லிய குழாயில் சிவப்பு எட்டிப் பார்க்கும், அப்போதுதான் மூச்சு விடுவாள். முடிந்ததும் குப்பியில் ஒட்டியிருக்கும் பேட்ச் எண் ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டுவது மருமகன் வேலை, அதை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டான். அவன் காது குத்துக்கும் இந்தப் பைதான் கோயிலுக்கு வந்தது, டாக்டரைக் கேட்டு அளவு வாங்கி மண்டபத்தில் உட்கார்ந்தே ஃபேக்டர் ஏற்றிவிட்டு அப்புறம்தான் ஆசாரியைக் கூப்பிட்டோம். மடியில் வைத்துக்கொண்ட மாமனுக்கும் அதே வியாதி என்று கேள்விப்பட்டு ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார், சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த அறையின் மூடிக்கு வெளியே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு. முகவரி எழுத வைத்திருப்பார்கள் போல. அதில் நோய், ஃபேக்டர் அளவு, எடைக்கு எத்தனை யூனிட், தசையில் ஊசி போடாதீர்கள், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் எழுதித் தந்த அட்டையைச் செருகியிருக்கிறோம். தலையில் அடிபட்டால் வீக்கம் வருகிறதா என்று காத்திருக்காமல் முதலில் ஃபேக்டர், பிறகு ஆஸ்பத்திரி என்பதும் அதில் உண்டு. ஒரு தனியார் மருத்துவமனையில் வலிக்கு இடுப்பில் ஊசி என்று டியூட்டி டாக்டர் கிளம்பியபோது அக்கா வாக்குவாதமே செய்யவில்லை, பையைத் திருப்பிக் காட்டினாள், அவ்வளவுதான்.

இப்போது தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற ஊசி மருந்தின் பக்கம் சிலர் போகிறார்கள். அதையும் இந்தப் பையில் கொண்டுவரலாம், அதுவும் உறையக் கூடாத மருந்துதான். ஆனால் அது தடுப்புக்கு மட்டும், ப்ளீடிங் ஆகிவிட்டால் ஃபேக்டர் வேண்டும், ஆகவே பையை வீசிவிடாதீர்கள்.

குறைகள்: ஜிப் மழைக்காலத்துக்குள்ளேயே பல் விட்டுவிட்டது, தையற்காரர் புதிது மாற்றித் தந்தார். உள்ளே வெள்ளித் தாள் மடிப்புகளில் உரிகிறது. பயன்படுத்திய ஊசிக்குத் தனி இடம் கிடையாது, கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தனியாக எடுத்துப் போய் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுகிறோம். வாங்கப் போகிறவர்கள் இன்சுலின் பேனா அளவில் வரும் சின்னப் பையை வாங்காதீர்கள், ஃபேக்டர் பெட்டி அதில் நுழையாது. காலிப் பெட்டி ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய், ஜெல் பேக், துண்டு எல்லாவற்றோடும் உள்ளே வைத்து ஜிப் மூடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.