பழைய ராலேயா, புதுக் கறுப்பு சைக்கிளா, கியர் வண்டியா?

கடைத்தெரு, பஸ் நிலையம், ஆபீஸ் என்று தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் போய்வர ஒரு சைக்கிள் வேண்டுமா? மூன்று வழி இருக்கிறது. பழைய ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஏதாவது ஒன்றை ஓவராயில் செய்து எடுக்கலாம். அதே வடிவில் இன்றும் வரும் புதுக் கறுப்பு சைக்கிளை வாங்கலாம். இல்லையென்றால் கியர் வண்டி. என் ஓட்டு பழையதற்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

பழையதும் புதுக் கறுப்பு வண்டியும் அமைப்பில் அண்ணன் தம்பி. 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக், முழு செயின் கவர், சுமை தாங்கும் கேரியர். வித்தியாசம் வேலைப்பாட்டில். புது வண்டியைப் பெரும்பாலும் வாங்கிய கையோடு கடையில் நிறுத்தி, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பால்ரஸுக்கு கிரீஸ் வைத்து, நட்டுகளை இறுக்கிய பிறகுதான் நம்பி ஓட்ட முடியும். எப்படியும் அந்த வேலை உண்டு என்றால் அதைப் பழைய வண்டிக்கே செய்துவிடலாமே என்பது என் கட்சி. டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதுக் கறுப்பு வண்டிக்கு விற்பதே இதற்கும் சேரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். நம் பக்கம் ராலே என்று கிடப்பவற்றில் பல, மேற்கு வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே ஆலையில் செய்தவை. முகப்புத் தகட்டில் நாட்டிங்ஹாம் (இங்கிலாந்தில் ராலேயின் சொந்த ஊர்) என்றிருந்தால் சந்தோஷப்படலாம், கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். பெடல் அச்சுக் கிண்ணத்துக்கு அந்தக் கம்பெனி தனியாக அங்குலத்துக்கு 26 புரி வைத்திருந்தது. கடையில் கிடைப்பது 24 புரி. கிண்ணம் தேய்ந்திருந்தால் மாற்றுக்கு அலைய வேண்டும். 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் கிடைத்தால் தினசரி ஓட்டத்துக்கு அதுவே நிம்மதி.

புது பெயிண்ட் அடித்து, தங்கக்கோடு போட்டு, "ஆண்டிக்" என்று விற்பதை நான் வாங்கமாட்டேன். குழாய்கள் சேரும் மூட்டில் விரிசல் இருந்தாலும் பெயிண்ட் மூடிவிடும். துருவோடு இருப்பதையே பாருங்கள். பக்கவாட்டில் நின்று முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் பின்னுக்கு வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பெடலைக் கையால் பிடித்து, இன்னொன்றை அழுத்துங்கள். "டக்" என்று ஆடினால் பெரும்பாலும் பெடல் கையை அச்சோடு இறுக்கும் காட்டர்பின் தேய்ந்திருக்கும். அது சில்லறைச் செலவு. ரிம் உள்பக்கம் துருவேறி உரிந்திருந்தால் பெரிய செலவு.

ஏனென்றால் கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில்தான் உரசும். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு பாதியாகப் போன மாதிரி இருக்கும். கொஞ்சம் முன்னாலிருந்தே விட்டுவிட்டுப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். புதுக் கறுப்பு வண்டியிலும் இதே கதைதான். ரிம்மைப் பக்கவாட்டில் பிடிக்கும் சாதா பிரேக் போட்டுக்கொள்ளலாமே என்றால் அதற்கு ரிம்மையும் மாற்ற வேண்டும்.

மழையில் பிரேக் பிடித்து நிற்கும் விஷயத்தில் அலுமினிய ரிம் உள்ள கியர் வண்டிக்குத்தான் வெற்றி. எடையும் குறைவாக இருக்கும். ஆனால் விலை மலிவான 21 கியர், ஸ்பிரிங் போர்க் வகையை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க மனமில்லை: மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, வேட்டியில் கிரீஸ் நிச்சயம். சமவெளி ஊரில் அந்த 21-ல் இரண்டு மூன்றைத் தாண்டி யாரும் தொடுவதில்லை. ஊட்டி, ஏற்காடு என்றால் பேச்சு வேறு.

மேம்பாலம் ஏற மட்டும் கியர் வேண்டும் என்பவர்கள், பின் சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் வைத்த பழைய ராலே எங்காவது நிற்கிறதா என்று பாருங்கள். கியர் எல்லாம் ஹப்புக்குள்ளேயே. சிக்னலில் நின்றபடி மாற்றலாம். முதல் கியர் நடுக் கியரைவிட 25 சதவீதம் இலகு. ஹப் கூட்டில் தயாரித்த ஆண்டு பெரும்பாலும் பொறித்திருக்கும். பக்கத்தில் சின்ன மூடி. அதைத் திறந்து அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.