டிஎஃப், டியு: எந்தக் கணக்கை நம்புவது?

வட்டு 98 சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறது, இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை. அதே பார்ட்டிஷனில் (வட்டின் அதே பகுதியில்), ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியு கட்டளையை ஓட்டினால் பாதிகூட வரவில்லை. லினக்ஸ் சர்வர்களில் அடிக்கடி நடப்பதுதான். இரண்டுமே சரிதான், எண்ணும் விதம்தான் வேறு.

டிஎஃப் நேராக, வட்டில் ஃபைல்களை நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்கிறது: எத்தனை பிளாக் (வட்டின் சிறு இடத்துண்டு) போயிற்று, எத்தனை மிச்சம்? அதனால் எவ்வளவு பெரிய வட்டானாலும் உடனே பதில் வரும். டியு ஒவ்வொரு டைரக்டரியாக நுழைந்து கூட்டிக்கொண்டு வருகிறது. நேரமாகும். ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில், ஓட்டாவிட்டால், அனுமதி இல்லாத டைரக்டரிகள் கணக்கில் வராது. பெயர் இல்லாத ஃபைலோ அதன் கண்ணில் படவே படாது.

பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பெரிய லாக் ஃபைலை ஆர்எம் கொடுத்து அழிக்கிறோம். அப்போது போவது பெயர் மட்டும். ஏதாவது புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை பிளாக்குகள் விடுபடாது. ரூட்டாக இருந்து எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ‘+எல்1’ என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அழித்த ஃபைலும் அதைப் பிடித்திருக்கும் புரோகிராமும் ஒரே வரியில் தெரியும். அந்தப் புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸின் லாக்கை அழிப்பதைவிட, டிரங்கேட் கொடுத்துக் காலி செய்வதே நல்லது.

அங்கே எதுவும் சிக்கவில்லையா? அப்புறம் மவுண்ட் பாயின்ட்டுக்கு, அதாவது இன்னொரு வட்டை இணைக்கும் டைரக்டரிக்கு, அடியில் பாருங்கள். பேக்கப் வட்டு மவுண்ட் ஆகாத நாளில் பேக்கப் எல்லாம் ரூட் பார்ட்டிஷனிலேயே (சிஸ்டத்தின் முதன்மைப் பகுதியிலேயே) விழுந்திருக்கும். பிறகு வட்டு மவுண்ட் ஆனதும் அந்த ஃபைல்கள் அதற்கு அடியில் மறைந்துவிடும். ரூட் பார்ட்டிஷனை வேறொரு டைரக்டரியிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து, அங்கே டியு ஓட்டினால் அகப்படும்.

தலைகீழாக, டியு அதிகம் காட்டினால், ‘-எக்ஸ்’ போடாமல் வேறு பார்ட்டிஷனையும் சேர்த்து எண்ணியிருக்கலாம். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஒரே பிளாக்கைப் பகிரும் நகல்களையும் அது தனித்தனியாகக் கூட்டும்.

டிஎஃப்பின் எண்களே ஒன்றோடொன்று ஒத்துவராமலும் போகும்: போனதையும் மிச்சத்தையும் கூட்டினால் மொத்தம் வராது. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் கணக்குக்கு ஒதுக்கி வைக்கிறது. 4 டெராபைட் வட்டில் அது சுமார் 200 ஜிகாபைட். வெறும் தரவு வைக்கும் வட்டில் இதைத் தாராளமாகக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இடம் இருக்கிறதா என்று கேட்க டிஎஃப், யார் தின்றது என்று தேட டியு. அலாரத்தை டிஎஃப்பை வைத்தே அமையுங்கள். டிஎஃப் தாராளமாக இடம் காட்டியும் ஃபைல் எழுத முடியவில்லை என்றால், ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். ‘டிஎஃப் -ஐ’ அதைக் காட்டிவிடும்.