"மெமரி மட்டும்தான் கம்மி" என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள்

ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே அசெம்பிள் செய்த கணினி இது. பிராசஸர், மதர்போர்டு, பவர் சப்ளை எதிலும் கோளாறு இல்லை. கிராபிக்ஸ் கார்டில்தான் ஏமாந்தேன்.

எனக்கு வேண்டியது ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டு. ஆர்டர் போடும் நாளில் விற்பனையாளர் போனில் சொன்னார்: "12 ஜிபி ஸ்டாக் இல்லை சார், 8 ஜிபி இருக்கு. கார்டு ஒண்ணுதான், மெமரி மட்டும்தான் கம்மி. நீங்க கேம் ஆடுறது 1080பி ரெசல்யூஷன்ல, 12 உங்களுக்கு வேஸ்ட்." நியாயமாகத்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன்.

நான் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த ரிவியூ வீடியோக்களில் வந்த எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) என் திரையில் வரவே இல்லை. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பிராசஸர் சூடாகிறதோ என்று தெர்மல் பேஸ்ட்டைக்கூட மாற்றிப் பூசினேன் (பாவம், அது என்ன செய்யும்). ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் நண்பன் ஒருவன் சொல்லி, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பஸ் அகலம், அதாவது கார்டுக்குள் மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலம், 128 பிட்.

2021இல் வந்த 12 ஜிபி கார்டில் அது 192 பிட். மெமரி சில்லு ஒவ்வொன்றும் 32 பிட் வழியில் இணைகிறது. 12 ஜிபி கார்டில் 2 ஜிபி சில்லுகள் ஆறு. 2022 கடைசியில் வந்த 8 ஜிபி கார்டில் நான்குதான். இரண்டு சில்லு குறைந்தால் இரண்டு வழியும் சேர்ந்தே அடைபடுகிறது. நொடிக்கு 360 ஜிபி தரவு போய்வந்த இடத்தில் 240. கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் அதே 3584 என்பதால் "கார்டு ஒண்ணுதான்" என்று கூசாமல் சொல்ல முடிகிறது. மெமரி நிரம்பாத விளையாட்டிலும் வேகம் குறைவது இதனால்தான். நான் பார்த்த ரிவியூ எல்லாமே 12 ஜிபி கார்டுக்கு எடுத்தவை.

திருப்பித் தரப் போனேன். சீல் உடைத்ததை எடுக்க மாட்டார்களாம். "பெட்டியிலேயே 8 ஜிபின்னு போட்டிருக்கே, நாங்க எதை மறைச்சோம்?" பதில் சொல்ல முடியவில்லை. பில்லில் வெறும் 3060 என்றுதான் இருந்தது. போனில் பேசியதற்கு என்னிடம் ஆதாரம் ஏது?

ஜிபியை மட்டும் பார்த்து வாங்கினாலும் தப்ப முடியாது. ஜிடி 1030 கார்டில் இரண்டு வகை, இரண்டிலும் 2 ஜிபி. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளதில் 16.8. பெட்டியில் ஓர் எழுத்து, ஓர் எண் மாறியிருக்கும், அவ்வளவுதான். எனவே பணம் கட்டும் முன் முழு மாடல் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளரின் பக்கத்தில் மெமரி வகையையும் பஸ் அகலத்தையும் நீங்களே பாருங்கள். பில்லிலும் அந்த எண் முழுசாக வரட்டும். சீலை உடைப்பது அதற்குப் பிறகு.

போன வாரம் தம்பியின் கணினிக்காக அதே விற்பனையாளரிடம் ஆர்டிஎக்ஸ் 3050 பற்றி விசாரித்தேன், இந்த முறை சாட்டில். 8 ஜிபி வகையில் 2560 கோர், 128 பிட். 6 ஜிபி வகையில் 2304 கோர், 96 பிட். இதைத் தெரிந்துகொண்டேதான் கேட்டேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது: "ரெண்டும் ஒண்ணுதான் சார், மெமரி மட்டும்தான் கம்மி." ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.