ஊட்டி மார்க்கெட் பக்கம் கட்டணப் பார்க்கிங்: ஒழுங்காக ரசீது தருகிறார்கள், அதற்கே 4 ஸ்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டூரிஸ்ட் எழுதும் ரிவ்யூ இல்லை. குன்னூரிலிருந்து குட்டி யானையில் பிஸ்கட், சோப்பு, டீத்தூள் என்று லோடு ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் ஊட்டிக்கு வருகிற டிரைவர் நான். கம்பெனி வண்டி, டிஎன் 43. உள்ளூர் வண்டி என்பதால் இ-பாஸ் தொல்லை இல்லை, ஆனால் பாஸ் இல்லாமல் உள்ளே வரலாமே தவிர வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டிதான் விட வேண்டும் என்று கோர்ட்டே 2025-இல் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அத்தனை வண்டியும் சேரிங்கிராஸில்தான் வந்து நிற்கிறதோ என்று தோன்றும்.

அதனால் இந்தப் பார்க்கிங். கமர்ஷியல் ரோட்டில் இருக்கும் கடைகளுக்கு இங்கே நிறுத்திவிட்டுத் தலைச்சுமையாகவோ தள்ளுவண்டியிலோ சரக்கைக் கொண்டுபோக வேண்டும். இடம் சரிவு. மழை பெய்தால் கீழ்ப்பக்கம் சேறு, லோடு வண்டி பின்னால் எடுத்தால் டயர் சுற்றிக்கொண்டே நிற்கும். கேட்டில் இருக்கும் அண்ணன் நாம் இறங்குவதற்குள் பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவார், "ஹேண்ட் பிரேக்கை நம்பாதே தம்பி" என்பார். கழிப்பறை பற்றிப் பேச வேண்டாம், ஒரு ஸ்டார் குறைந்தது அதற்குத்தான்.

ஆனால் இங்கே ரசீது தருகிறார்கள். வண்டி நம்பர், தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், தொகை, எல்லாம் மெஷினில் அடித்து வருகிறது. பனி அதிகமான காலையில் பேப்பர் ரோல் சிக்கிக்கொண்டால் அண்ணன் கையால் எழுதி சீல் வைத்துத் தருவார். வேறு இடங்களில் தேதியே இல்லாத ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்துக் கையில் திணிப்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ரசீதுக்கு ஏன் இவ்வளவு பாராட்டு என்று கேட்பவர்களுக்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் சனிக்கிழமைதோறும் வவுச்சர் எழுதிக் கொடுத்தால் பார்க்கிங் காசு கையில் வந்துவிடும். இரண்டு வருஷமாக அப்படித்தான். போன அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை 41 தடவை நிறுத்தியிருக்கிறேன், தடவைக்கு 40 ரூபாய், மொத்தம் 1,640. எல்லாம் வாங்கியும் ஆயிற்று. அப்புறம் முதலாளியின் பையன் கணக்குப் பார்க்க வந்தார். பார்க்கிங் டிரைவர் பொறுப்பு என்று முடிவெடுத்து, கொடுத்த பணத்தையே ஜனவரிச் சம்பளத்தில் திரும்பப் பிடித்துவிட்டார். கூடவே பொங்கல் லீவு கூட்டத்தில் கமர்ஷியல் ரோட்டில் சரக்கு இறக்கும்போது நோ பார்க்கிங் என்று போலீஸ் போட்டோ எடுத்துப் போட்ட 500 ரூபாய் ஃபைன். ஆக 2,140. என் சம்பளம் 18,000.

கேட்டதற்கு, "வண்டியை நிறுத்தினது நீதானே?" என்றார். சரிதான், நான்தான் நிறுத்தினேன். எனக்குச் சொந்தமாகப் பிஸ்கட் விற்க ஆசை வந்து நிறுத்தவில்லையே!

குன்னூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் சித்தப்பாவிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, "ஃபைன் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு, பிரித்துச் சொல்" என்பதுதான். இரண்டும் ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பார்க்கிங் கட்டணம் என்பது டீசல் மாதிரி, வியாபாரத்துக்கு ஆகிற செலவு. போலீஸ் ஃபைன் ஒரு தப்புக்குப் போடுவது, அங்கே யார் தப்பு என்று பேச இடம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், முன்பு சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936 இருந்தது, மாதம் 24,000 வரை வாங்குகிறவர்களுக்கு மட்டும். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2019-இல் போட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, இதில் அந்த உச்சவரம்பு இல்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சம்பளத்தில் எதை எதைப் பிடிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாததை முதலாளி பிடிக்கக் கூடாது. வேலைக்கு வராத நாள், வாங்கிய அட்வான்ஸ், பி.எஃப்., வருமான வரி இப்படிப் போகிறது பட்டியல். நம்மை நம்பி ஒப்படைத்த சரக்கோ, நாம் கணக்குக் காட்ட வேண்டிய பணமோ நம் அலட்சியத்தால் நஷ்டமானால் அதையும் பிடிக்கலாம், ஆனால் நம்மிடம் விளக்கம் கேட்ட பிறகுதான், அதுவும் நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. கம்பெனி வேலைக்குக் கட்டின பார்க்கிங் கட்டணம் இதில் எங்கேயும் வராது. போலீஸ் ஃபைனுக்கென்றும் தனியாக ஒரு வரி இல்லை. அலட்சியம் என்று சொல்லி உள்ளே நுழைக்கப் பார்ப்பார்கள், அப்போது அலட்சியம் யாருடையது என்று அவர்கள் காட்டியாக வேண்டும்.

கம்பெனியே "தண்டம்" என்று போட்டால்? அதற்கும் அளவு உண்டு. அந்த மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 தான், எனக்கு 540 ரூபாய். எந்தெந்தத் தவறுக்குத் தண்டம் என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி அறிவித்திருக்க வேண்டும், விளக்கமும் கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒட்டியிருக்கும் ஒரே அறிவிப்பு "செருப்பை வெளியே விடவும்" என்பதுதான்.

சேரும்போது எதிலோ கையெழுத்துப் போட்டேனே என்று பயந்தேன். சட்டப்படி வர வேண்டிய பணத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது என்றார் சித்தப்பா. அப்புறம் ஒரு எச்சரிக்கையும் சொன்னார், இதை டிரைவர்கள் நன்றாகக் கவனியுங்கள்: நீங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டி, கம்பெனி அதைத் திருப்பியே தராமல் விட்டால் அது வேறு விவகாரம். வேலைச் செலவுக்காகத் தரும் பணம் சட்டப்படி "ஊதியம்" கணக்கில் வராது, அதனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன இருக்கிறது, இதுவரை என்ன வழக்கம் என்று பார்த்துத்தான் வாதாட வேண்டும். சம்பளத்திலேயே கை வைத்தால் நம் பக்கம் பலம். முதலாளி மகன் பேசாமல் வவுச்சரை நிறுத்தியிருந்தால் நான் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன்.

இங்கேதான் இந்தப் பார்க்கிங் ரசீது காப்பாற்றியது. 41 ரசீதையும் டெலிவரி பில்லோடு தேதி வாரியாக ஜோடி சேர்த்தேன், நிறுத்தின நேரமும் கடைக்காரர் கையெழுத்துப் போட்ட நேரமும் பொருந்தின. ஜெராக்ஸ் எடுத்து, பிடித்தம் தவறு என்று ஒரு கடிதம் எழுதி, அக்கவுன்ட்ஸ் அக்காவிடம் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கினேன். கடிதத்தில் ஒரு வரி சித்தப்பா சொல்லி எழுதியது: தவறாகப் பிடித்த தொகைக்கு மூன்று வருஷத்துக்குள் மனுப் போடலாம், அதிகாரி நினைத்தால் பிடித்த தொகையைப் போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்கலாம். அடுத்த சம்பளத்தில் 1,640 வந்துவிட்டது, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

500 இன்னும் வரவில்லை. "நோ பார்க்கிங் போர்டு இருந்தது, நீ பார்க்கவில்லை" என்பது அவர்கள் கட்சி. அன்றைக்கு "பார்க்கிங்கில் போடாதே, லேட் ஆகும், கடை வாசலிலேயே இறக்கு" என்று ஆபீஸிலிருந்து வந்த வாட்ஸப் வாய்ஸ் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் நியாயமாகவும் பேசுகிறேன்: எங்களிடம் இருந்த ஒரு பையன் டீ குடிக்க வளைவில் வண்டியை நிறுத்தி ஃபைன் வாங்கினான், அதை அவனே கட்டினான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. சொன்னதால் நிறுத்தினதற்கும் நானே கட்டு என்றால்தான் ஒப்பவில்லை. மனுப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் 15100-க்குக் கூப்பிடலாம், இலவசச் சட்ட உதவிக்கான எண்.

ரசீதில் ஒரு குறை. இது சூட்டில் அச்சாகும் பேப்பர், டேஷ்போர்டில் வெயில் படப் போட்டால் இரண்டு மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். என்னுடையதில் ஆறு ரசீது அப்படிப் போய், ஜிபேயில் கட்டின கணக்கை வைத்துத் தப்பித்தேன். வாங்கின உடனே போனில் போட்டோ எடுத்துவிடுங்கள், முடிந்தவரை ஜிபேயில் கட்டுங்கள்.

மற்றபடி குட்டி யானைக்கு இரண்டு மணி நேரம் 40 ரூபாய், நேரம் தாண்டினால் இன்னொரு 20. சில்லறை கொண்டுபோங்கள், பனி இறங்கினால் சிக்னல் போய்விடும். சாயங்காலம் 7 மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள், அண்ணன் யாருக்காகவும் திறக்கமாட்டார்.