பழைய புஷ் ரேடியோவுக்கு ஒரு மாற்றுப் பேட்டரிப் பெட்டி

பெரியப்பா லண்டனில் படித்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த புஷ் டிஆர் 82 ரேடியோ, பழுது எதுவும் இல்லாமலேயே பதினைந்து ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. 1957-இல் வால்வு (கண்ணாடிக் குழாய்) செட்டாக வெளிவந்த எம்பி 60-இன் பெட்டியிலேயே டிரான்சிஸ்டர்களைப் பொருத்தி 1959-இல் விற்பனைக்கு வந்த மாதிரி அது. பெரிய வட்ட டயலைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். அதற்கு வேண்டியது பிபி9 என்னும் 9 வோல்ட் பேட்டரி. செங்கல்லை அரையாக உடைத்தது போன்ற அந்தக் கட்டையைக் கும்பகோணத்துக் கடைகளில் கேட்டால், சதுரமான சின்ன 9 வோல்ட் பேட்டரியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

அந்தச் சின்னதையும் கம்பி நீட்டி இணைத்துப் பார்த்தேன். முதல் நாள் நன்றாகவே பாடியது. நான்காம் நாள் வால்யூமைக் கூட்டியவுடன் நாகஸ்வரம் கரகரத்தது. வோல்ட் அளவு ஒன்றாக இருந்தாலும் சின்னப் பேட்டரியின் உள்தடை அதிகம். ஒலி உயரும் கணங்களில் ரேடியோ கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாமல் வோல்ட் சரிந்துவிடுகிறது.

அதன்பிறகுதான் இணையவழியில் 480 ரூபாய் கொடுத்து, பிபி9-இன் அளவிலேயே செய்யப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினேன். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் ஆறு அதற்குள் அடங்கும்; ரேடியோவில் உள்ள பித்தான்கள் அப்படியே பொருந்தும்படி மேலே இரண்டு முனைகள் உண்டு. அசல் பிபி9-க்குள்ளும் 1.5 வோல்ட் பிரிவுகள் ஆறுதான் என்பதால் கணக்கு நேராக வந்துவிடுகிறது. ரேடியோவின் உள்ளே கத்தி படாமல், ஒரு கம்பியைக்கூட வெட்டாமல் வேலை முடிகிறது என்பதே இந்தப் பெட்டியின் பெரிய பலம்.

ஆனால், வந்த பெட்டியை அப்படியே மாட்டியிருந்தால் ரேடியோ அன்றே போயிருக்கும். செல்களைப் போட்டு, மூடியில் பொறித்திருந்த பிளஸ், மைனஸ் குறிகளின்படி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தபோது திரையில் 9.5 என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு, அதாவது மைனஸ் குறி, நின்றது. குறி ஒரு பக்கம், உள்ளே கம்பி மறுபக்கம். ஓசி44, ஓசி81 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் தலைகீழ் மின்சாரத்தைத் தாங்குவது அரிது. போய்விட்டால் பழைய சரக்கில்தான் தேட வேண்டும். விற்றவருக்கு எழுதினேன், "மாற்றி மாட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. முனைகள் இரண்டும் வெவ்வேறு வடிவம் கொண்டவை. மாற்றி மாட்ட வழியே இல்லை. நானே மூடியைக் கழற்றி இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி ஈயம் வைத்தேன்.

அடுத்த குறை ஸ்பிரிங். மெல்லிய கம்பியில் சுற்றியிருப்பதால் ரேடியோவைத் தூக்கி நகர்த்தும்போது தொடர்பு விட்டு "டக்" என்று சத்தம் வருகிறது. செல்லுக்கும் மூடிக்கும் இடையில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்ததில் அது நின்றது. பெட்டிக்குள் செல்களுக்கு மேல் ஏறத்தாழ 3 செ.மீ. உயரம் வெறுமனே கிடக்கிறது. இவ்வளவு இடமிருந்தும் ஏழாவது செல்லுக்கு ஒரு தடம் வைக்காமல் விட்டிருப்பது எனக்கு வருத்தமே. மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் ஆறுக்கு 7.2 வோல்ட்தான் கிடைக்கிறது. ரேடியோ பாடுகிறது, ஆனால் தொண்டை கட்டினாற்போல. ஏழு இருந்தால் 8.4 வந்திருக்கும்.

அதே வாரம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நண்பரிடமிருந்த இன்னொரு வகைப் பெட்டியையும் இரவல் வாங்கி மாட்டினேன். அது ஒற்றை லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை 9 ஆக உயர்த்தித் தருவது. யுஎஸ்பி கம்பியில் மின்னேற்றிக்கொள்ளலாம். விலை மூன்று மடங்கு. கையில் பிடித்தால் அழகாகத்தான் இருக்கிறது. சுவிட்சைத் திருப்பியதும் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக டயல் முழுவதும் வண்டு ரீங்கரித்தது. வோல்ட்டை உயர்த்தும் சுற்று நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி இணைக்கிறது; அதன் அதிர்வெண்ணும் மடங்குகளும் திருச்சி வானொலி வரும் மத்திய அலைக்குள்ளேயே (மீடியம் வேவ்) விழுகின்றன. அலையை வாங்கும் ஃபெரைட் தண்டோ ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பெட்டியை அலுமினியத் தாளில் சுற்றிப் பார்த்தேன். ரீங்காரம் சற்றுத் தணிந்ததே தவிர ஒழியவில்லை. எஃப்எம் மட்டும் கேட்பவருக்கு இந்த இரைச்சல் பெரும்பாலும் தெரியாமல் போகலாம். மத்திய அலை செட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பென்சில் செல் பெட்டியில் சத்தம் என்று ஒன்று இல்லை, ஏனெனில் அதற்குள் மின்னணுச் சுற்று எதுவும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் என்ற கணக்கில், சாதாரண செல்களே ஏழு வாரம் வந்தன. எட்டாவது வாரம் ஒலி மங்கத் தொடங்கியதும் ஆறையும் ஒன்றாக மாற்றினேன். புதியதையும் பழையதையும் கலந்து போட்டால் பழையது முதலில் ஒழுகும். ரேடியோவைப் பயன்படுத்தாத மாதங்களில் செல்களை வெளியே எடுத்துவிடுவது அவசியம், அசல் பிபி9 ஒழுகி அரித்த பச்சைக் கறை என் செட்டின் அடித்தட்டில் இன்னும் இருக்கிறது.

குறைகளைத் தாமே சரிசெய்துகொள்ளத் தெரிந்தவருக்கு 480 ரூபாய் அதிகமில்லை. ஈயம் வைக்கத் தெரியாதவர் இதே விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். தம்பி வீட்டிலுள்ள ரேடியோவுக்காக இரண்டாவது பெட்டி ஒன்றை வேறிடத்தில் சொல்லியிருக்கிறேன். வந்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் அவனிடம் கொடுப்பேன்.