அலமாரி செய்யப் பழக: ஆசாரி பட்டறையா, ஐ.டி.ஐ.யா, யூடியூபா?

ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பூட்டி ஒரு அலமாரி செய்யப் பழகவேண்டுமென்றால், குமரி மாவட்டத்தில் கைக்கெட்டும் வழிகள் மூன்று: ஆசாரியின் பட்டறை, ஐ.டி.ஐ., அல்லது வீட்டுப் பின்பக்கம் ஒரு மேசை போட்டு யூடியூப். எந்த ஒன்றும் முழு அலமாரியைக் கற்றுத் தராது. எங்கே எது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் காசும் காலமும் மிச்சம்.

பட்டறை என்றால் எல்லாப் பட்டறையும் சேராது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை இன்று பிளைவுட்டும் மைக்காவும்தான் அதிகம். மாடுலர் கிச்சன் செய்கிற இடத்தில் உளிக்கு வேலையே இல்லை. நிலையும் கதவும் செய்கிற ஆசாரியைத் தேடிப் போங்கள். தேக்கு, அயினி, பலா என்று மரத்தில் கதவு செய்பவர் ஒரு கட்டையில் துளை அடித்து, இன்னொன்றின் முனையில் எடுத்த நாக்கை, அதாவது கழுந்தை, அதில் செருகித்தான் சட்டம் பூட்டுவார். அலமாரிக் கதவின் சட்டமும் அதேதான், அளவு மட்டும் சின்னது.

அங்கே முதல் வேலை தீட்டுவது. "மக்களே, மொதல்ல உளியத் தீட்டிட்டு வா" என்று அனுப்பிவிடுவார். உளியின் சாய்வு கல்லில் முழுதாகப் படியவேண்டும். கொஞ்சநேரம் தேய்த்தபின் முதுகுப் பக்கம் விரலால் வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். வாய் நெடுக அந்தப் பிசிறு வந்தபிறகுதான் உளியைத் திருப்பி, முதுகைக் கல்லில் தட்டையாக வைத்து அதை எடுக்கவேண்டும். அப்புறம் ஒரு துண்டுக் கட்டையின் வெட்டுமுனையைச் சீவிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் மறுபடி கல்லுக்கு. சுருளாக வந்தால் சரி. வீடியோவிலும் இதைக் காட்டுகிறார்கள், ஆனால் கை எவ்வளவு அழுத்துகிறது என்பது திரையில் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவதற்கு ஈடில்லை.

துளையும் அப்படித்தான். கட்டையின் கனத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் கழுந்து எடுப்பது வழக்கம். ஊடுருவிப் போகிற துளையை இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக அடிக்கவேண்டும். ஒரே பக்கமாகத் தள்ளினால் உளி வெளியே வரும் இடத்தில் மரம் பிய்ந்துவிடும்.

பட்டறையில் கிடைக்காதது வரைபடம். பெரும்பாலும் அளவெல்லாம் அவர் மனசில்தான் இருக்கும். டிராயர் வைத்த வேலையும் எப்போதாவதுதான் வரும். ஆர்டர் நெருக்கினால் உங்கள் கையில் உளிக்குப் பதில் துடைப்பம் இருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. வரைபடம் படிக்கவும் போடவும், மெஷினில் விரல் போகாமல் வேலை செய்யவும் ஒழுங்காகப் பழகலாம். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் உண்டு; வளைகுடாவுக்குப் போக நினைக்கிற பையனுக்கு அது உதவும். ஆனால் பாடத்திட்டம் கட்டட வேலைக்கும் சேர்த்துப் போட்டது. நுணுக்கமான அலமாரி வேலையில் கை படிய அந்த ஓராண்டு போதாது. வேலையில் இருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம்.

யூடியூபின் பலம் டிராயர். பக்கப் பலகையின் முனையைப் புறாவால் போல விரித்து வெட்டி முன்பலகையில் பூட்டும் டவ்டெயில் இணைப்பை இஞ்ச் இஞ்சாகக் காட்டுவார்கள். கடின மரத்துக்குச் சரிவு எட்டுக்கு ஒன்று, மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று. பென்சிலைவிடக் கத்திக்கோடு நல்லது, உளி அதில் தானாகப் போய் உட்காரும். இதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டிய சங்கதி.

ஆனால் அந்த வீடியோக்களில் பாதி, குளிர்நாட்டில் ஹீட்டர் போட்ட அறையில் எடுத்தவை. நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். ஓரடி அகலத் தேக்குப் பலகையே இரண்டு மில்லிமீட்டர் வரை அசையலாம். அதனால் கதவின் நடுப்பலகையைப் பசை போடாமல், சட்டத்தின் உள்விளிம்பில் ஓடுகிற பள்ளமான காடியில் இடம்விட்டு மிதக்க விடவேண்டும். கோடையில் செய்கிற டிராயருக்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் கார்த்திகையில் அதை இழுக்க இரண்டு ஆள் வேண்டும்.

பெங்களூருவில் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் குறுகியகாலப் பயிற்சிகள் நடக்கின்றன. மெஷின் பழக நல்ல இடம்; உளிக்காக அவ்வளவு தூரம் போகவேண்டாம்.

என் தேர்வு: பதினெட்டு வயதென்றால் ஐ.டி.ஐ., சனி ஞாயிறு பட்டறை. மற்றவர்கள் பட்டறையில் தொடங்கி, ஒரு கதவை ஒற்றை ஆளாகப் பூட்டியபிறகு டிராயருக்கு யூடியூபைத் திறக்கலாம். தலைகீழாகப் போனவர்கள் பலர் வீட்டில் விலை உயர்ந்த ஜப்பான் ரம்பமும் மழுங்கிய உளியும்தான் மிச்சம்.

வடிவமைப்புக்கு வெளியூர் போகவேண்டியதில்லை, தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே உள்ளது. எல்லோரும் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் செதுக்குப் பூக்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள் கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளான கழுக்கோல்களைப் பாருங்கள்: வரிசையாக அவற்றைத் துளைத்துக்கொண்டு ஓடுகிறது வளை என்கிற குறுக்குக் கட்டை; பட்டறையில் அடித்த அதே துளைதான், பெரிய அளவில். நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். திங்கள்கிழமை விடுமுறை.