கயிறு வாங்கி நாற்பது நாள் கூலியை இழந்தேன்: மரம் ஏறும் நண்பர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை, நான் கயிறு வாங்கிய இணையச் சந்தையிலிருந்து எனக்குக் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதி முடிக்கப்படுகிறது" என்று அதில் எழுதியிருந்தார்கள். தீர்ந்துபோனது என் நாற்பது நாள் கூலி மட்டும்தான். ஆறிய பிறகு எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர். யாரிடமும் நிரந்தர வேலையில் இல்லாமல், அழைப்பு வரும் இடத்துக்குச் சொந்தக் கருவிகளோடு போய், மரத்தில் ஏறிக் கிளை கழித்தும், சாய்ந்த மரத்தைத் துண்டு துண்டாக இறக்கியும் பிழைக்கிறவர்கள். எங்களுக்குள் எழுதிவைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஒருவருக்கு வேலை இல்லாத வாரத்தில் மற்றவர் தன் வேலையில் ஒரு பங்கைக் கொடுப்பார். புதிதாகக் கயிறு வாங்கினால், நால்வரும் அதை முழுநீளத்துக்கும் விரலால் தடவிப் பார்த்த பிறகே அது மரத்துக்குப் போகும். இதை எழுத நான் மிச்சமிருப்பதற்கு அந்த இரண்டாவது வழக்கமே காரணம்.

சென்ற மாதம் மரத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது என் கைவாள் நழுவிக் கயிற்றின் மேலுறையைக் கீறிவிட்டது. கீறல் சிறியதுதான், ஆனால் ஆளைத் தாங்கும் கயிற்றுக்குச் சிறிய கீறல், பெரிய கீறல் என்ற கணக்கெல்லாம் இல்லை. நான் இறங்கியதும், எங்கள் குழுவில் தரையில் நின்று கயிறு பிடிக்கும் அக்கா, மறதியில்கூட யாரும் அதில் ஏறிவிடக் கூடாது என்று, ஒரு வார்த்தையும் பேசாமல் அதை முழம் முழமாக நறுக்கிப் போட்டார். என் இடுப்பு வாருக்கும் காலம் முடிந்திருந்தது. நூலிழையால் ஆன இத்தகைய கருவிகளுக்கு, உறை பிரிக்காமல் வைத்திருந்தாலும்கூட, உற்பத்தியான நாளிலிருந்து 10 ஆண்டுக்கு மேல் பல தயாரிப்பாளர்கள் ஆயுள் கொடுப்பதில்லை. காற்றடித்து ஓய்ந்த நேரம், வேலை குவிந்து கிடந்தது, ஏறக் கயிறில்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மிச்சமான தொழிற்கருவிகளைத் தனிநபர்களே விற்கும் இணையச் சந்தை அது. உறை பிரிக்காத 45 மீட்டர் ஏறுகயிறு, இடுப்பு வார், கயிற்றையும் வாரையும் இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினர் ஐந்து, எல்லாம் சேர்த்து ஒரே விலை. அந்த விலை என் கூலிக் கணக்கில் நாற்பது நாள். அதில் பதினைந்து நாள் கூலி மற்ற மூவரும் கடனாகக் கொடுத்தது.

விற்றவர் தொலைபேசியில் முதலில் விலையைப் பேசவில்லை. "என்ன முடிச்சு போட்டு ஏறுகிறாய், தம்பி?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "புதுக் கயிறு வழுக்கும், முதல் ஒரு வாரத்துக்கு முடிச்சில் ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்" என்றார். தான் கிளையோடு விழுந்து முழங்கால் போனதையும், இனி ஏற முடியாது என்று மருத்துவர் கையை விரித்ததையும், கடையில் கொடுத்தால் எவனோ சுமை கட்ட வாங்கிக்கொண்டு போவான் என்பதால் ஏறுகிறவன் கையிலேயே கொடுக்க நினைப்பதையும் அவர் சொன்னபோது, உண்மையாகவே எனக்குத் தொண்டை அடைத்தது. நம் பாஷையைப் பேசுகிறவர் நம்மவர் என்று நம்பினேன். கயிறு விற்கிறவர் என்னிடமே கயிறு திரித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

பொதி வந்த அன்று காலையிலேயே அழைத்தார். "தளத்தில் 'சரக்கு சரியாக வந்தது' என்று அழுத்திவிடு, அப்போதுதான் பணத்தை விடுவிப்பார்கள், இன்று எனக்கு மருத்துவச் செலவு இருக்கிறது" என்றார். நான் பொதியைப் பிரிக்கக்கூட இல்லை. கால் போன மனிதரைக் காக்கவைப்பதா என்று நினைத்து அழுத்திவிட்டேன். நாற்பது நாள் கூலி அந்த ஒரு அழுத்தலில் போயிற்று.

அன்று மாலை நால்வரும் கூடிப் பிரித்தோம். கயிற்றின் முனையில் 'இஎன் 1891, ஏ வகை' என்று அச்சிட்ட பட்டை இருந்தது. ஆளைத் தாங்கும் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம் அது. அந்த வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்குச் சற்று மேற்பட்ட இழுவிசையைத் தாங்க வேண்டும். அக்கா கயிற்றை மடித்துப் பார்த்தவர் பாதியில் நிறுத்தினார். மேலுறை தனியாகவும் உள்கரு தனியாகவும் நகர்ந்தன. அந்தத் தரத்தில் செய்த கயிற்றின் உள்ளே, தயாரிப்பாளர் பெயரும் தர எண்ணும் உற்பத்தி ஆண்டும் மூலப்பொருளும் எழுதிய மெல்லிய நாடா நெடுக ஓட வேண்டும், மீட்டருக்கு ஒரு முறையாவது அந்த எழுத்து திரும்ப வர வேண்டும். முனையிலிருந்து இரண்டு சாண் வெட்டிப் பிரித்துப் பார்த்தோம். நாடாவே இல்லை, பஞ்சு போன்ற இழைகள்தான் இருந்தன. காரபினரில் இருந்த தாங்குதிறன் எண்களோ, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்ததும் துணியோடு வந்துவிட்டன.

உடனே விற்றவரை அழைத்தேன். "ஏறிப் பார்த்தாயா? ஏறாமலே குறை சொன்னால் எப்படித் தம்பி?" என்றார். அதன்பின் அந்த எண் உயிர் பெறவில்லை. தளத்துக்கு ஐந்து முறை எழுதினேன். ஐந்து பேர் ஐந்து பெயரில் பதில் அனுப்பினார்கள், ஐந்தும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றே தொடங்கின. சரக்கு சரியாக வந்ததாக நானே உறுதிசெய்துவிட்டதால் பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டது என்றார் ஒருவர். பொருளை வெட்டியிருப்பதால் திருப்பி எடுக்க இயலாது என்றார் இன்னொருவர். வெட்டாமல் உள்ளே நாடா இல்லை என்பதை எப்படிக் காட்டுவது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பயன்பாட்டின்போது பொருள் பழுதடைந்ததற்கான சான்றை இணைக்குமாறு கேட்டவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பயன்பாடு என்றால் இருபது மீட்டர் உயரத்தில் அதில் தொங்குவது என்பதை விளக்கி எழுதினேன். நாற்பது நாள் கூலியைத் திரும்பக் கேட்பதற்கு நான் விழுந்திருக்க வேண்டும் போலும். அதற்கு வந்ததுதான் நேற்றைய பதில்.

கடன் கொடுத்த மூவரும் இதுவரை பணத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் தன் பழைய இடுப்பு வாரை என் வண்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஏறும் நாளில் நான் தரையில் நிற்கிறேன். நான் ஏறும் நாளில் அவர் நிற்கிறார். அதனால் இருவருக்கும் பாதிக் கூலிதான்.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன்; இப்போது அதற்குப் பொறுமையில்லை. உயிர் தாங்கும் கயிற்றைத் தனிநபரிடம் வாங்காதீர்கள். பொதியைப் பிரித்து, இரண்டு பேராவது பார்க்கும்வரை எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள், யாருக்குக் கால் போயிருந்தாலும் சரி. பிரிக்கும்போது படம் எடுத்துவையுங்கள், நான் எடுக்கவில்லை.

இதை எழுதும்போதும் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். அதே படம், அதே 45 மீட்டர், அதே முழங்கால். விலையை மட்டும் சற்றுக் குறைத்திருக்கிறார்.